மம்பட்டி எங்கே போயிற்று?

அன்புள்ள அண்ணாச்சி,

நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழாசிரியை. ஆண்டு விழா வந்தால் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுவதும் என் தலையில்தான் விழும். போன வருஷம் 'கடைமடை' என்று நானே ஒரு நாடகம் எழுதினேன். பதினொரு காட்சிகள், நாற்பது நிமிஷம். ஊரில் எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அந்தத் தைரியத்தில் ஒரு போட்டிக்கு அனுப்பினேன். "உரையாடல் நன்று. நாடகக் கட்டமைப்பு இல்லை. முரணும் உச்சமும் சரியாக அமையவில்லை" என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாடகத்தின் உறுப்புகளை வகுப்பில் நடத்துகிறவளே நான்தான். கதை, பாத்திரம், உரையாடல், காட்சி; தொடக்கம், வளர்ச்சி, உச்சம், வீழ்ச்சி, முடிவு. எல்லாம் என் நாடகத்தில் இருப்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது. எங்கே தப்பினேன்? ஐந்து அங்கம் கட்டாயமா? எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அதில் இந்த உச்சமும் வீழ்ச்சியும் எங்கே இருக்கின்றன? நாடகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

நாடகத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை ஒரு விஷமம் செய்தேன். உங்கள் நான்காம் காட்சியை உருவி ஏழாவதாகச் செருகிப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஐந்தையும் எட்டையும் இடம் மாற்றினேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. நடுவர்கள் சொல்ல வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். சொன்ன விதம்தான் யாருக்கும் உதவாத விதம்.

மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா காலமான பிறகு அண்ணனும் தம்பியும் குளத்துப் பாசன வயலைப் பங்கு வைத்துக்கொள்கிறார்கள். அண்ணனுக்கு மடையை ஒட்டிய வயல், தம்பிக்குக் கடைமடை. தம்பி வயலுக்குத் தண்ணீர் வந்து சேருவதில்லை. ராத்திரியில் யாரோ வாய்க்காலை அடைத்துவிடுகிறார்கள். தம்பி பெண்டாட்டியின் நகை அடகுக்குப் போகிறது. பயிர் கருகுகிறது. அடைத்தது அண்ணன்தான் என்று தெரிகிறது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்கிறான் தம்பி. கடைசிக் காட்சியில் ஆச்சி வந்து நான்கு பக்கம் பேசி இருவரையும் சேர்த்துவைக்கிறாள்.

கதையில் குறை ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் எந்தக் குளத்தங்கரையிலும் இது நடந்திருக்கும்.

உறுப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் வகுப்பில் நடத்தும் பட்டியலுக்குத் தாத்தா அரிஸ்டாட்டில். கி.மு. நான்காம் நூற்றாண்டில், கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பார்த்து அவர் சொன்ன உறுப்புகள் ஆறு: கதைப்பின்னல், பாத்திரம், கருத்து, சொல், இசை, காட்சி. அதை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்கிறோம். அவருக்கு அது தராதர வரிசை. கதைப்பின்னலை நாடகத்தின் உயிர் என்று தலைமாட்டில் வைத்தார். வேஷம், ஜோடனை என்று கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் கால்மாட்டுக்குத் தள்ளினார். (சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்துக்காரர்கள் மகுடம் என்ற பறையை அடிப்பதை ஒரே ஒரு ராத்திரி கேட்டிருந்தால் இசையையும் இப்படிக் கீழே தள்ளியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.)

கதைப்பின்னல் என்று அவர் சொன்னது கதையை அல்ல, சம்பவங்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை. ஒரு பகுதியை இடம் மாற்றினாலோ எடுத்துவிட்டாலோ மொத்தமும் குலைய வேண்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாத ஒன்று அதன் உறுப்பே இல்லை என்கிறார். மேலே நான் செய்த விஷமம் அவரிடம் கற்றதுதான்.

நடுவர்கள் கையில் இருந்தது வேறொரு அளவுகோல். ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863இல் நாடக நுணுக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்ற முக்கோணம் அதில் உள்ளது. உங்கள் பாடப்புத்தகத்தின் ஐந்து படியும் அங்கிருந்து வந்ததுதான். கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியரையும் அவர் காலம் வரையிலான ஜெர்மன் நாடகங்களையும் வைத்துக்கொண்டு போட்ட படம் அது. அதில் உச்சம் இருப்பது நடுவில். நாமோ கடைசி ஐந்து நிமிஷத்தில் எல்லோரையும் கூப்பிட்டு அழ வைப்பதற்கு உச்சம் என்று பெயர் வைத்துவிட்டோம். ஐந்து அங்கம் கட்டாயமா என்றால், இல்லை. நாற்பது நிமிஷப் பள்ளி நாடகத்தை ஐந்து அங்கமாக வெட்டினால் படுதா இழுக்கிற பையனுக்குத்தான் வேலை.

எனக்கு அந்த முக்கோணத்தைவிட நெருக்கமான ஒன்று நம் பெட்டியிலேயே கிடக்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை சொல்லிக்கொண்டு வரும்போது அடியார்க்கு நல்லார் நாடகத்தின் சந்திகள், அதாவது கதை வளரும் கட்டங்கள், ஐந்து என்கிறார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். ஐந்து என்ற கணக்கும் முதல் மூன்று பெயர்களும் வடமொழி நாட்டிய சாஸ்திரத்தில் இருப்பவைதான். ஆனால் மனுஷர் அவற்றை விளக்குவது வயலில் இறங்கி நின்றுகொண்டு. உழுது புழுதியாக்கிய மண்ணில் போட்ட விதை முளைத்து வருவது போல்வது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது போல்வது பிரதிமுகம். நாற்று வளர்ந்து, கருக்கொண்டு, பொருளைத் தனக்குள் பொதிந்துவைத்து நிற்பது கருப்பம். கதிர் விரிந்து, திரண்டு, தலைசாய்ந்து முற்றுவது விளைவு. அறுத்து, போரிட்டு, கடாவிட்டு, தூற்றி, பொலி செய்து, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

கார், பிசானம் என்று இரண்டு நெல் போகமும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாற்றங்கால் பாவாமல் நடவு கிடையாது. நடவையும் அறுப்பையும் யாராலும் இடம் மாற்ற முடியாது. நம் முக்கூடற்பள்ளு நாடகத்தையே பயிரின் போக்கில் நடத்திக்கொண்டு போகும்: மழைக்குறி, ஆற்று வெள்ளம், உழவு, நடவு, அறுப்பு. நடுவில் இரண்டு பெண்டாட்டி வைத்திருப்பவன் படும் பாடு.

அந்த ஐந்தில் இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடுவில் இருப்பது கருப்பம். பயிர் தொண்டைக்கதிராக நிற்கும்போது தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வெறும் பச்சைதான். உள்ளே எல்லாம் ஆகிவிட்டது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. நல்ல நாடகத்தின் நடுப்பகுதி இப்படித்தான் இருக்கும். கோவலன் கள்வன் அல்ல என்று நமக்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. அவன் வாயிலிருந்து உத்தரவு வரும்போது நமக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஃப்ரைடாக் மலையுச்சி வைத்த இடத்தில் அடியார்க்கு நல்லார் கர்ப்பத்தை வைத்திருக்கிறார். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்னொன்று துய்த்தல். விளைந்ததும் படுதா விழுவதில்லை. அதற்கப்புறம் அறுப்பு இருக்கிறது, களத்துமேட்டில் தூற்றல் இருக்கிறது, உலை கொதிக்க வேண்டும். பார்த்தவன் பார்த்ததை உண்பதற்கு நேரம் கொடுக்கிறார்.

இதெல்லாம் உரைகாரர் கணக்கு, நடைமுறைக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கதையிலேயே பார்க்கலாம். பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம், 1891. திருநெல்வேலி பக்கத்தில் அபிஷேகப்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பெயர்தான். தமிழ்த்தாய் வாழ்த்தாகத் தினமும் பாடுவதும் அதன் தொடக்கத்திலிருந்து எடுத்த வரிகள்தான். நாடகத்தை உட்கார்ந்து படித்தவர்களைத்தான் தேட வேண்டும். லிட்டன் எழுதிய ஓர் ஆங்கிலக் கதையைத் தழுவி ஐந்து அங்கம், இருபது களமாக அகவற்பாவில் எழுதினார். கதை நடப்பது திருநெல்வேலியில். பாண்டியன் ஜீவகன் மதுரையை விட்டு இங்கே கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் குடிலன் என்ற மந்திரி, தன் மகன் பலதேவனுக்கு அரசன் மகள் மனோன்மணியைக் கட்டிவைத்துவிட வேண்டும் என்ற கணக்கோடு.

முதல் அங்கத்தில் சுந்தர முனிவர் அரண்மனையில் ஓர் அறையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். சாமியார் கேட்கிறார், அரசன் கொடுக்கிறான், அவ்வளவுதான். படிக்கிற நாமும் தாண்டிப் போய்விடுவோம். முனிவர் அங்கிருந்து ரகசியமாகச் சுரங்கவழி அமைக்கிறார். ஐந்தாம் அங்கத்தில் மனோன்மணிக்கும் பலதேவனுக்கும் கல்யாணம் நடக்க இருக்கும் நேரத்தில், பகையரசன் சேரன் புருடோத்தமன் அந்தச் சுரங்கத்தின் வழியாக உள்ளே வந்து நிற்கிறான். வழி காட்டியவன் காட்டிக்கொடுக்கப் போன குடிலன், இப்போது விலங்கோடு. மனோன்மணி நிமிர்ந்து பார்க்கிறாள். கனவில் கண்டவன் இவன்தான். மாலை அவன் கழுத்துக்குப் போகிறது. கதை திரும்புவதும் ஆள் தெரிவதும் ஒரே நொடியில். இப்படி அமைவதே மேல் என்று அரிஸ்டாட்டிலும் சொல்லியிருக்கிறார்.

நடுவே வரும் நீண்ட பேச்சுகள் எனக்கே சலிப்பூட்டும். அது மேடையைவிடப் படிப்புக்கே பொருந்திய நாடகம். ஆனால் அந்த அறை! ஒரு சாவி கைமாறியது, நான்கு அங்கம் கழித்து ஒரு ராஜ்யம் பிழைத்தது.

என் கதையையும் கேளுங்கள். இருபத்திரண்டு வயதில் எங்கள் ஊர்ப் பங்குனி உத்திரத்துக்கு ஒரு சமூக நாடகம் எழுதினேன். அதில் மூன்றாம் காட்சியில் கதாநாயகனுக்குப் பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வரும். அதைப் படித்து அவன் இரண்டு நிமிஷம் உருக வேண்டும். ராத்திரி மேடையில் கடிதத்தைக் காணோம். தபால்காரனாக நடித்த பையன் அதை வீட்டிலேயே சட்டைப்பையில் விட்டுவிட்டான். கதாநாயகன் ஒரு நொடி முழித்துவிட்டு, "கடிதம் நேற்றே வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டான். நான் படுதாவுக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். நாடகம் பாட்டுக்கு ஓடியது. கூட்டத்தில் ஒருவருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் டீக்கடையில் விஷயத்தைச் சொல்லிப் புலம்பியபோது ஒரு பெரியவர் கேட்டார்: "கடுதாசி இல்லாமயே கதை ஓடிட்டுல்லா, பொறவு எதுக்குலே கடுதாசி?"

அரிஸ்டாட்டிலை நான் படித்தது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து. படித்ததும் அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது.

இனி வில்லுப்பாட்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என்று அதற்கும் ஒரு வரிசை உண்டு. இதில் வருபொருள் உரைத்தலைக் கவனியுங்கள். இன்ன சாமியின் கதையைப் பாடப்போகிறோம் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். சொல்லாவிட்டாலும் பந்தலில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளுக்குக் கதை தலைகீழாகத் தெரியும். அப்படியானால் அடுத்து என்ன என்ற பரபரப்புக்கு அங்கே வேலை இல்லை. பின் எது விடிய விடிய உட்கார வைக்கிறது?

எது நடக்கும் என்று தெரியும், எப்போது வரும் என்று தெரியாது. வில்லடித்துப் பாடும் புலவருக்கு ஒரு கண் பாட்டில், ஒரு கண் சாமியாடியின் மேல். சாமி கொலைப்படுகிற இடமோ வரம் வாங்குகிற இடமோ நடுராத்திரிப் பூசையான சாமக்கொடை நேரத்தோடு வந்து பொருந்த வேண்டும். ஆகவே நாட்டுவளத்தை நீட்டுவார், ஒரு சண்டையைச் சுருக்குவார், குடம் அடிப்பவரைப் பார்த்துத் தலையசைப்பார். உடுக்கை வேகம் பிடிக்கும். கதையில் உள்ள சாமி பந்தலில் உள்ள ஆள் மேல் இறங்கும். உச்சம் எங்கே என்று கேட்டீர்களே, அது ஏட்டில் இல்லை, அந்த நேரத்தில் இருக்கிறது. இறக்கம் வாழிப் பாட்டில் இருக்கிறது. அதற்கப்புறம் பொங்கிப் படைத்ததை எல்லோரும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அடியார்க்கு நல்லார் துய்த்தல் என்றது அங்கே உவமையாகக்கூட இல்லை, இலையில் சோறாகவே இருக்கிறது.

தென்மாவட்டங்களில் நடக்கிற ஸ்பெஷல் நாடகமும் அப்படித்தான். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது, சில சமயம் அன்றைக்குச் சாயங்காலம்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் வள்ளி திருமணம் விடியும்வரை பிசகாமல் போகும். வள்ளி தினைப்புனத்தில் இருக்க வேண்டும், நாரதர் வந்து தர்க்கம் செய்ய வேண்டும், வேடன், கிழவன், யானை என்று ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். எவ்வளவு பாட்டு, எவ்வளவு குத்தல் பேச்சு என்பது அன்றைய ஆட்களின் சாமர்த்தியம். இந்த எலும்புக்கூட்டை அவ்வளவு உறுதியாகக் கட்டிக்கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அன்றைக்கு அதுவும் திருநெல்வேலிச் சீமைதான். 1922இல் அவர் இறந்தார். அறிமுகமே இல்லாத நான்கு பேர் அவர் நாடகத்தை இன்றைக்கும் ஒரு மேடையில் சேர்ந்து நடத்தி முடிக்கிறார்கள். கட்டமைப்பு என்று ஒன்று உண்டா என்று யாராவது கேட்டால் இதைத்தான் நான் காட்டுவேன்.

சரி, கடைமடைக்கு வருவோம்.

உங்கள் ஆறாம் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "வாய்க்காலை அடைச்சது உங்க அண்ணன்தான், நான் கண்ணால பார்த்தேன்" என்கிறார். தம்பி இடிந்துபோய் உட்காருகிறான். டீச்சர், நாடகத்திலேயே பெரிய சம்பவம் அது. அதைப் பார்த்தவர் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் பார்க்கவில்லை, தம்பியும் பார்க்கவில்லை. முரண் இல்லை, உச்சம் இல்லை என்று நடுவர்கள் எழுதியதற்குக் காரணம், இரண்டையும் அவரிடம் கொடுத்து மேடைக்கு வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

அண்ணன் அடைப்பதை எங்களுக்கு மூன்றாம் காட்சியிலேயே காட்டிவிடுங்கள். ராத்திரி, தனியாக, பயந்துகொண்டே. தம்பிக்குத் தெரிய வேண்டாம். அதற்கப்புறம் நீங்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிற காட்சிகளே வேறு மாதிரி ஆகிவிடும். நகையை அடகு வைக்க தம்பி பெண்டாட்டி அண்ணன் மனைவியைத்தானே துணைக்குக் கூட்டிப் போகிறாள்? அந்தக் காட்சியில் நீங்கள் ஒரு வசனத்தைக்கூட மாற்ற வேண்டாம். கல்யாணப் பத்திரிகையோடு அண்ணன் தம்பி வீட்டுப் படியேறி, "பயிர் எப்படி இருக்கு?" என்று கேட்கிறானே, இப்போது அது வெறும் விசாரிப்பு. முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் பந்தலில் சத்தம் அடங்கிவிடும். இதுதான் உங்கள் நாடகத்தின் கருப்பம். பயிரை நட்டுவிட்டீர்கள், கதிரைத்தான் உள்ளே வைக்க மறந்துவிட்டீர்கள்.

தம்பிக்குத் தெரியவருவது பத்திரிகை கொடுக்கிற நேரத்திலேயே இருக்கட்டும். ஏழும் எட்டும் ஒன்றாகிவிடும். பஞ்சாயத்துக் காட்சியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதில் எட்டுப் பிள்ளைகளுக்கு வேஷம் கிடைக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. அவர்களைக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாற விடுங்கள்.

ஆச்சியின் பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துக் காட்சியாக வீட்டில் இல்லாத ஆச்சி, பதினோராவது காட்சியில் எந்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்? முதல் காட்சியிலேயே திண்ணையில் உட்கார வையுங்கள். பங்கு பிரிக்கும்போது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். நடுவில் ஒரு தடவை தம்பி வீட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்குத் தூக்குச்சட்டியோடு நடந்து போகட்டும். அப்படிச் செய்தால் கடைசியில் நான்கு பக்கம் அவள் பேச வேண்டியிராது. நான்கு வரி போதும், அல்லது பேசாமல் இருவருக்கும் ஒரே இலையில் சோறு போட்டால்கூடப் போதும்.

இன்னும் ஒன்று. இரண்டாம் காட்சியில் அண்ணன் வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது, "மம்பட்டியை மடையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஏதோ பேச்சுவாக்கில் வந்து விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் பதினோராம் காட்சிவரை அந்த மம்பட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் அப்பாவின் மம்பட்டி அது, பிடியில் அவர் போட்ட கம்பிக்கட்டு இருக்கும் என்று நீங்களேதான் முதல் காட்சியில் எழுதியிருக்கிறீர்கள்.

அதை யார் எடுத்தார்கள் என்று யோசித்துவிட்டு, திருத்திய பிரதியைப் பிசான அறுப்பு முடிந்த பிறகு அனுப்புங்கள்.